பெரியப்பாவிடம் அனுப்பப்பட்டவர்கள்

இந்த நாற்காலியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா மேடம்? நன்றி. உட்காரும்போதே சரிசெய்துகொண்டால் நடுவில் நெளிய வேண்டியிருக்காது.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். என் மாமனார் பதின்மூன்று வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் சுருக்கமாகச் சொல்லிப் பழகியிருக்கிறது. எங்கள் அலுவலகம் பல மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுக்கிறது. முந்நூற்று நாற்பது பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் மேசையில் கம்ப்யூட்டர் இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா. கம்ப்யூட்டர் கீழ்த்தளத்தில், குளிர் அறையில், சர்வருக்குள் இருக்கிறது. ஒரு சர்வருக்குள் முப்பது நாற்பது பேருடைய கம்ப்யூட்டர் குடித்தனம் செய்யும். அதன் படம் மட்டும் கம்பி வழியாக மேலே வரும். விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று பெயர். மேலே ஒரு எழுத்தைத் தட்டினால் அது கீழே போய்ப் பதிந்து, படமாகத் திரும்பி வர வேண்டும். கண் இமைப்பதற்குள் வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தாமதமானால் எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தாமதத்தைக் கண்காணிப்பவன் நான். என் முன்னால் ஒரு டாஷ்போர்டு இருக்கும். நாங்கள் போர்டு என்போம். ஆளுக்கொரு கட்டம். வேகமாக இருந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நின்று நின்று வந்தால் சிவப்பு. மேல் மூலையில் பெரிதாக ஒரு சதவீதம். மொத்தக் கட்டங்களில் எத்தனை பச்சை என்பதற்கான கணக்கு அது. ஆறு வருஷம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னை யாரும் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. குழாயில் தண்ணீர் வரும்போது யாராவது குழாய்க்காரரை நினைக்கிறார்களா?

பிறகுதான் எங்கள் மேலாளர் அந்த போர்டைக் கீழே லிஃப்ட் பக்கத்துச் சுவரில், ஆள் உயர டிவியில் போடச் சொன்னார். அவரை அலுவலகத்தில் 'சதவீதம்' என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் லீவு கேட்டால், "எத்தனை பர்சன்ட் குறைஞ்சிருக்கு?" என்று கேட்பவர். மருத்துவமனைக்காரர்கள் வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பச்சையைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

டிவி வந்த வாரம் என் மாமனார் மகளைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். என் மனைவியும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், மூன்றாவது மாடியில், ரத்துப் பிரிவில். குறித்த நேரத்தை வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் பேசுகிற பிரிவு. மாமனாரை நான்தான் கீழே போய் அழைத்து வந்தேன். அவர் டிவி முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அதுவரை சொந்தக்காரர்களிடம் என்னை "மாப்பிள்ளை கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று அறிமுகப்படுத்தி வந்தவர்.

"பச்சைப் பசேல்னு இருக்கே மாப்பிள்ளை. இதெல்லாம் உங்க கைவேலையா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். பதின்மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அந்தத் தட்டலுக்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் அது நடந்தது என்பதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்த வாரம் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். லிஃப்ட் வரத் தாமதமானது. முந்நூற்று நாற்பது கட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு. அவர்களில் ஒரு அம்மா அதைக் காட்டி, "அது யாருங்க, பாவம்?" என்று கேட்டுவிட்டார். மேலாளர் சிரித்துச் சமாளித்தார். மேலே வந்து என்னிடம் கோபப்படக்கூட இல்லை. தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு இரண்டு நாள் காதில் இருந்தது.

அந்தச் சிவப்பு யாரென்று பார்த்தேன். இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு மூத்த ஊழியர். ஜன்னலண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். உட்காருமிடம் ஒரு காரணம், திரையில் அவர் எந்த ஜன்னலையும் மூடுவதில்லை என்பது இன்னொரு காரணம். நான் போனபோது அறுபத்து மூன்று ஜன்னல்கள் திறந்திருந்தன. அதில் ஒன்று போன வருஷத்து வானிலை. மூடுங்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"மூடினா எங்க இருந்தேன்னே மறந்துடும் தம்பி," என்றார்.

நியாயமான பதில். ஆனால் அவர் ஒருவருடைய ஜன்னல்களால் அதே சர்வரில் இருந்த மற்றவர்களும் மஞ்சளாகிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மொத்தத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டால் மாடி வீட்டுக்கு வராது அல்லவா, அது போல. அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இடம் ஒன்றுதான் இருந்தது.

குளிர் அறையின் கோடியில் ஒரு பழைய சர்வர். கழித்துவிட வேண்டியது, கையெழுத்து வராமல் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதனால் நாங்கள் அதைப் பெரியப்பா என்போம். ஜன்னலண்ணனைப் பெரியப்பாவிடம் அனுப்பினேன். கழிக்கப்போகும் சர்வர் என்பதால் அது போர்டில் சேர்க்கப்படவில்லை. அங்கே போகிறவர்களுக்குக் கட்டம் கிடையாது. இது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது என்று முதல் விசாரணையில் எழுதிக்கொடுத்திருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். மாற்றும்போதே தெரியும்.

மறுநாள் காலை போர்டில் முந்நூற்று முப்பத்தொன்பது கட்டங்கள். எல்லாம் பச்சை. மூலையில் நூறு. சதவீதத்துக்கு எண்ணிக்கை தெரியாது மேடம். மேலாளர் தன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் தேடிப் போகவில்லை. அவர்களாகவே வந்தார்கள். ஒருவர் மஞ்சளாவார், காத்திருப்பேன். இரண்டாவது தடவையும் மஞ்சளானால் பெரியப்பாவிடம் போவார். ஒரே விதி, எல்லாருக்கும். பெரிய கோப்புகளைத் திறப்பவர்கள் போனார்கள். வேகமாகத் தட்டுபவர்கள் போனார்கள். நன்றாக வேலை செய்கிறவர்கள்தான் சர்வரை அதிகம் இழுப்பார்கள் என்று அப்போதுதான் கவனித்தேன். சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுக்கப் பச்சை. நாலு மாதத்தில் பெரியப்பாவிடம் முப்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு எழுத்து தட்டினால் வர நாலு நொடி ஆனது. பிறகு ஏழு. பிற்பகலில் ஒன்பது.

சிரமங்கள் இருந்தன, மறுக்கவில்லை. மருத்துவர்களின் பெயர்ப் பட்டியல் தாமதமாக நகரும். ஒருவர் ஒரு வரியில் கை வைப்பார், அதற்குள் பட்டியல் நகர்ந்து அடுத்த வரியில் பதியும். மூட்டுவலி என்று கூப்பிட்ட ஒரு பெரியவர் குழந்தை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அழாமல் இருந்ததற்கு அவருக்கு ஒரு யானை ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினார்கள். அவர் புகார் எதுவும் தரவில்லை. கதையக்கா என்று ஒரு அம்மா, திரை வரும்வரை காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். மாமியார், வாடகை வீடு, தலைமுடி உதிர்வது, எல்லாம் பேசுவார். சிலர் நேரம் குறிக்க வேண்டியதை மறந்துவிட்டு அவரிடம் பேசுவதற்காகவே திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

புகார்கள் என்னிடம்தான் வரும். ஒவ்வொன்றையும் நேரில் போய் விசாரித்தேன். போர்டைத் திறந்து காட்டுவேன். "பாருங்க, எதுவும் சிவப்பு இல்லை," என்பேன். அவர்களும் பார்ப்பார்கள். தங்கள் கட்டம் எது என்று ஒருவரும் கேட்டதில்லை. இவ்வளவு பச்சைக்கு நடுவில் தன்னுடையதும் ஒன்று இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். புகாரை முடிக்கும்போது காரணம் போட வேண்டும். 'பயனர் தரப்பு' என்று போடுவேன். அவர்களுக்காக ஒரு பயிற்சி வகுப்பும் நடத்தினேன். நிதானமாகத் தட்டுவது எப்படி என்று. பதினெட்டு பேர் வந்தார்கள். ஜன்னலண்ணன் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டார்.

இப்போது என் மனைவி விஷயம். நீங்கள் அதைக் கடைசியில் கேட்கலாம் என்று வைத்திருப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் திரையின் பின்னணியில் எங்கள் மகளின் படம் இருந்தது. முன்பல் விழுந்த புதிதில் எடுத்தது. பெரிய படம், சர்வரை இழுக்கும். இரண்டு பிற்பகல் மஞ்சள் வந்தது. வீட்டில் சாப்பிடும்போது அந்தப் படத்தை எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "பாப்பா மூஞ்சியவா எடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாள். வீட்டில் வற்புறுத்துவது என் வழக்கமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவளையும் பெரியப்பாவிடம் அனுப்பினேன். சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

பத்து நாள் கழித்து, மாலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள்.

"நான் அடிக்கிறது எனக்கே வரமாட்டேங்குதுங்க. நாலு எழுத்து அடிச்சிட்டுப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. கையை எடுத்தப்புறம்தான் வருது. எனக்குக் கையில ஏதோ ஆகுது."

"போர்டுல ஒரு குறையும் காட்டலையே," என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போர்டில் குறை இல்லை. அதைத்தான் சொன்னேன்.

அவள் முதலில் கண் மருத்துவரிடம் காட்டினாள். கண் நன்றாக இருந்தது. நரம்பு மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நேரம் குறிக்க எங்கள் அலுவலக எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். நான்தான் கூப்பிட்டேன். முப்பத்தெட்டு நிமிஷம் காத்திருந்தேன். எடுத்தது ஜன்னலண்ணன். என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க தம்பி. முன்ன மாதிரி இல்ல, மூளை மந்தமாயிடுச்சு. உங்க வகுப்புல சொன்ன மாதிரிதான் பொறுமையா அடிக்கிறேன்," என்றார்.

பரவாயில்லை, அவசரமில்லை என்றேன். அவர் குறித்துக்கொடுத்த நேரம் சரியாகவே இருந்தது.

நரம்பு மருத்துவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். ஒன்றுமில்லை, மனக்களைப்பாக இருக்கும், ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்திப் பழகுங்கள் என்றார். வீடு திரும்பும் வழியிலேயே பந்தை வாங்கிக் கொடுத்தேன். கடையில் சிவப்பும் பச்சையும் இருந்தன. பச்சை வாங்கினேன். தினமும் சாயங்காலம் பந்தை அழுத்திக்கொண்டே மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். இருநூறு தடவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். அந்த நாட்களில் நாங்கள் ரொம்ப அன்பாக இருந்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே சமயம் மேலாளர் இன்னொரு பட்டியல் எடுத்திருக்கிறார். யார் ஒரு அழைப்புக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று. அடியில் முப்பத்தொரு பேர் தனியாகத் தெரிந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. மெஷினில் ஏதாவது பிரச்சினை உண்டா? போர்டைக் காட்டினேன். அப்படியானால் குறை ஆட்களிடம்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆளுக்கொரு சான்றிதழ் வேண்டும் என்றார். 'குறிப்பிட்ட காலத்தில் போர்டில் எந்தக் குறையும் பதிவாகவில்லை.' முப்பத்தொரு தாள். உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். என் மனைவியுடையது இருபத்தாறாவது. அதற்கும் அதே கையெழுத்துத்தான். சொந்தம் என்பதற்காக வேறு மாதிரி போட முடியுமா?

பதினேழு பேர் போனார்கள். சிலர் தாங்களாகவே எழுதிக் கொடுத்தார்கள், சிலர் எழுதிக் கொடுக்க வைக்கப்பட்டார்கள். ஜன்னலண்ணனுக்குப் பணி முடிய ஒன்றரை வருஷம் இருந்தது. போகும்போது என் இடத்துக்கு வந்து, தன்னால் எனக்கு நிறையத் தொந்தரவு என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். கதையக்கா போன அன்று முப்பது நாற்பது பேர் கூப்பிட்டு அவர் எங்கே என்று கேட்டார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும் மேடம். ஒவ்வொருவர் போகும்போதும் பெரியப்பாவின் பாரம் குறைந்தது. மீதி இருந்தவர்களுக்கு ஒன்பது நொடி ஐந்தாகி, மூன்றாகியது. அவர்கள் நிலைமையும் மேம்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

என் மனைவி எழுதிக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. என்னைக் கேட்டுத்தான் எழுதினாள். உடம்பு முக்கியம் என்றேன். கடைசி நாள் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறாள். என் மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விளையாட்டாகத் தன் பெயரை அவள் கீபோர்டில் தட்டியிருக்கிறாள்.

பிறகு என் இடத்துக்கு வந்தாள். கையில் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. குரலை உயர்த்தவே இல்லை.

"அவ மெஷின்ல அடிச்சேன். அடிக்க அடிக்க வருது. பக்கம் முழுக்க என் பேரையே அடிச்சேன், ஒரு எழுத்துகூட நிக்கல."

"அது அவ மெஷின்," என்றேன்.

"அப்போ என் மெஷின் எங்க இருக்கு?"

நான் பொய் சொல்வதில்லை மேடம். "பெரியப்பாகிட்ட," என்றேன்.

"உங்க பெரியப்பா போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆகுதுங்க," என்றாள். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நெற்றியில் கைகூட வைத்துப் பார்த்தாள். அதனால் கீழே அழைத்துக்கொண்டு போனேன். குளிர் அறையில் பெரியப்பா இருமிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். யார் யார், எந்தத் தேதி, ஏன் என்று. பொறுமையாகத்தான் விளக்கினேன். என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை, எனக்கு அது நிறைவாகக்கூட இருந்தது. அவள் கேட்டு முடித்தாள். பையிலிருந்து பந்தை எடுத்து சர்வர் மேல் வைத்தாள்.

"முப்பத்தொரு பேரா?"

"முப்பத்தொண்ணு."

"எனக்குக் கை போயிடுச்சுன்னு நான் அழுதப்போ பக்கத்துல உக்காந்து எண்ணினீங்களே."

"ஆமா. ஒரு நாள்கூட விடாம எண்ணினேன்," என்றேன்.

அவள் படியேறி நேராக மேலே போனாள். பதினேழு பேருக்கும் அவளே போன் செய்தாள் என்று பிறகு தெரிந்தது. இந்த விசாரணை அப்படித்தான் வந்தது. ஜன்னலண்ணன் அவளிடம், தம்பி நல்ல பையன், யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்றாராம்.

ஆகவே, உங்கள் படிவத்தில் கேட்டிருக்கும் வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு பேரையும் நான்தான் மாற்றினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கழிக்கப்போகும் சர்வர் என்று தெரியும். போர்டில் வராது என்று தெரியும். அவர்கள் படும் பாடு தெரியும், ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ்களில் இருப்பது என் கையெழுத்து. நிறுத்தியிருக்கலாமா என்றால், எந்த நாளிலும் நிறுத்தியிருக்கலாம். ஒருவரைத் திரும்ப மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும்.

திங்கட்கிழமை நீங்கள் உத்தரவு போட்டபடி பெரியப்பாவிடம் மீதி இருந்தவர்கள் எல்லாரையும் திரும்ப மாற்றிவிட்டேன். இன்று காலை போர்டில் பதினொரு மஞ்சள், நாலு சிவப்பு. மேலாளர் லிஃப்ட் பக்கத்து டிவியை அணைத்துவிட்டார். இதற்கும் என்னைக் குறை சொல்வீர்களோ என்று தெரியவில்லை.

வீட்டு நிலைமையைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதையும் நிரப்பிவிடுகிறேன். மனைவி மகளை அழைத்துக்கொண்டு அவள் அப்பா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. முதல் இரண்டு நாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாமனார் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதற்கு மேல் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. சமையலறை சுத்தமாக இருக்கிறது. மகளுடைய செருப்பு வழியில் கிடப்பதில்லை. சாயங்காலங்களில் நான் கூடத்தில் உட்கார்ந்து கவனித்துப் பார்க்கிறேன். எல்லாம் நன்றாக இருப்பதாகவே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். வீட்டிலிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.